கறுப்புத் தரை

விழுந்த உடனே வலி வரவில்லை, இடது கன்னத்தில் தரையின் குளிர்ச்சிதான் முதலில் ஏறியது, கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவே போட்டிருந்த சின்ன விரிப்பு காலோடு வழுக்கிப் போய் அலமாரியடியில் சுருண்டு கிடப்பது தெருவிளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது, எழுந்திருக்கலாம் என்று காலை இழுத்தபோதுதான் கால் வரவில்லை என்பதும், பாதம் தானாக வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்பதும் புரிந்தது. மகனும் மருமகளும் படுக்கிற அறையில் ஏசி ஓடும், கதவு சாத்தியிருக்கும், கூப்பிட்டால் கேட்காது என்று தெரிந்தும் கூப்பிட்டுப் பார்த்தேன், அப்புறம் அதையும் விட்டுவிட்டேன். வேளச்சேரியில் ஐந்தாவது மாடியில், விடிகிறவரைக்கும் கன்னத்தைத் தரையில் வைத்துக் கிடந்த அந்த நேரத்தில், பறக்கையில் எங்கள் ஆச்சி வீட்டு மங்களா என்கிற கூடம்தான் நினைவில் வந்தது, சித்திரை வெயிலில் பிள்ளைகள் எல்லோரும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வயிற்றையும் கன்னத்தையும் தரையோடு ஒட்டவைத்துப் படுத்துக் கிடப்போம், ஒரு இடம் சூடாகிவிட்டால் உருண்டு அடுத்த இடத்துக்குப் போவோம், அந்தக் குளிர்ச்சி வந்தது.

அந்தத் தரை கறுப்பு. சிரட்டையைச் சுட்ட கரியும் சுண்ணாம்பும் முட்டையின் வெள்ளைக்கருவும் ஏதோ செடிச் சாறும் சேர்த்து அரைத்துப் பூசி, ஆட்கள் வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்து நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றியது என்று தாத்தா சொல்வார், சாயங்காலம் படிப்புரை வழியாகச் சரிந்து வருகிற வெயில் அதில் விழும்போது உத்தரமும் தூணும் தலைகீழாகக் கீழே நிற்கும், சின்னப் பிள்ளைகள் அதைத் தாண்டி நடக்கப் பயப்படுவார்கள். ஆச்சி தினமும் ஈரத்துணியாலும், வெள்ளிக்கிழமைகளில் தேங்காயெண்ணெய் தொட்ட துணியாலும் துடைப்பாள், யாரையும் துடைக்க விடமாட்டாள், மழைக்காலத்தில் அந்தத் தரையிலிருந்து ஈரச் சுண்ணாம்பும் பழைய எண்ணெயும் கலந்த ஒரு வாசனை கிளம்பும், அது வந்தால் தாமிரபரணிப் பக்கமும் மழை இறங்கிவிட்டது என்று தாத்தா கணக்குப் போடுவார். நான் இப்போது விழுந்து கிடந்த டைல்ஸ் எதையும் உறிஞ்சாது, எதையும் திருப்பித் தராது, துடைக்க ஊற்றுகிற திரவத்தின் எலுமிச்சை வாசனை மட்டும் காலை பத்து மணிவரை இருந்துவிட்டுப் போய்விடும்.

ஆச்சி விழுந்தது அந்தக் கறுப்புத் தரையில் இல்லை, 1962 ஐப்பசியில், அடைமழைக்கு நடுவே, அடுக்களைக்குப் பின்னால் அங்கணத்தில், பாசி பிடித்த கல்லில். வெண்கல உருளியைக் கழுவி எடுத்துக்கொண்டு திரும்பியவள் விழுந்தாள், விழும்போதும் உருளியை விடவில்லை, மார்போடு அணைத்தபடி மழையில் கிடந்தாள், என் பெரியம்மை வந்து முதலில் அவள் கையிலிருந்து உருளியை வாங்கி வைத்த பிறகுதான் ஆளைத் தூக்க விட்டாள். கோரைப்பாயோடு நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து மங்களாவில் கிடத்தினார்கள், தாத்தா விளக்கைத் தாழ்த்திப் பிடித்துக் கால்களைச் சேர்த்துவைத்துப் பார்த்தார், ஒரு கால் குட்டையாகத் தெரிந்தது, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது, அவர் ஒன்றும் சொல்லாமல் விளக்கை நிமிர்த்தினார். அறுபது வருஷம் கழித்து அதே போலத் திரும்பிய என் பாதத்தைப் பார்த்தபோது, எனக்கு எக்ஸ்ரே வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வருகிறவர்கள் கையில் ஏதாவது இருக்கும், நாட்டுக்கோழி முட்டை, தோலுளுந்து, முருங்கைக்கீரைக் கட்டு, பறித்த ஈரம் காயாத பிரண்டை, ஒன்றையும் ஆச்சியிடம் நேரே நீட்ட மாட்டார்கள், அடுக்களையில் பெரியம்மையிடம் கொடுத்துவிட்டு வந்து ஆச்சியின் தலைமாட்டில் உட்கார்ந்து வெற்றிலைச் செல்லத்தைத் திறப்பார்கள். மழையைப் பற்றிப் பேசுவார்கள், குளம் நிரம்பியது, தேரேகால்புதூர்ப் பக்கம் வயலில் தண்ணீர் நின்றது, சுசீந்திரத்தில் மார்கழித் திருவிழாவுக்கு யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எல்லாம் பேசுவார்கள், எப்படி விழுந்தாய் என்று மட்டும் கேட்க மாட்டார்கள். சொந்தத்தில் ஒருத்தி, கேரளத்தில் எங்கோ வாழ்க்கைப்பட்டு அபூர்வமாக வருகிறவள், வந்ததும் வராததுமாக "எப்பிடி விழுந்திய?" என்று ஆரம்பித்தாள், பெரியம்மை தூணோரத்திலிருந்தே "மொதல்ல வெத்தல போடுங்க மைனி" என்றாள், குரலை உயர்த்தவில்லை, அவளும் புரிந்துகொண்டு பாக்கைக் கையில் எடுத்தாள். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள், அவள் முகம் அப்போது இளகியது எனக்கு இன்றும் தெரிகிறது, பத்து வயதில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

தக்கலைப் பக்கத்திலிருந்து ஆசானை வரவழைத்தார்கள். வர்மம் தெரிந்தவர், உடம்பில் நூற்றெட்டு இடம் உண்டு, அதில் பன்னிரண்டு படுவர்மம், மீதி தொண்ணூற்றாறும் தொடுவர்மம் என்று ஒவ்வொரு விரலாக மடக்கித் தாத்தாவிடம் சொல்லிக்கொண்டே, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, ஆச்சியின் இடுப்பையும் தொடையையும் விரல்நுனியால் தொட்டுப் பார்த்தார். கையோ முன்காலோ ஒடிந்திருந்தால் அவர் முட்டை வெள்ளைக்கருவில் உளுந்தமாவைக் குழைத்துத் துணியில் தேய்த்து, மூங்கில் தப்பை வைத்துக் கட்டிவிட்டு, இத்தனையாம் நாள் அவிழ்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போவார், சொன்ன நாளுக்குத் திரும்பி வந்து அவிழ்ப்பார், எங்கள் தெருவில் அப்படிக் கட்டிச் சேர்ந்த கைகள் நிறைய உண்டு. ஆச்சிக்கு அவர் கட்டவில்லை. படிப்புரைக்கு வந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இது சேராது பாத்துக்கிடுங்க, நோவு கொறையும், அதுக்கு மேல நான் சொன்னா அது பொய்யாப் போவும்" என்றார். எத்தனையோ மருத்துவர்களை அப்புறம் பார்த்துவிட்டேன், முடியாது என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்லத் தெரிந்தவர்களை அதிகம் பார்க்கவில்லை.

நோவு குறைய எண்ணெய் வாங்கத் தாத்தா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் தக்கலை போனார். ஆசான் வீட்டுப் பின்பக்கம் கொட்டகையில் முறிவெண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, புங்கிலை, வெற்றிலை, முருங்கையிலை, கல்யாண முருங்கை, கற்றாழை, சின்ன வெங்காயம், தண்ணீர்விட்டான் கிழங்கு, எல்லாவற்றையும் இடித்து அரிசி கழுவிய தண்ணீரோடு தேங்காயெண்ணெயில் விட்டுக் காய்ச்சுவது, அடியில் கிடக்கிற கல்கத்தை விரலால் உருட்டித் திரியாக்கி நெருப்பில் காட்டுவார்கள், சடசடவென்று பொரியாமல் எரிந்தால் தண்ணீர் வற்றிவிட்டது, இறக்கலாம். அதில் வெங்காயம்தான் முதலில் மூக்கில் ஏறும், அப்புறம் வெற்றிலை, கடைசியில் ஒரு பச்சைக் கசப்பு, அது நம் உடுப்பை விட்டுப் போக நாளாகும். இறக்கி ஆற நேரமாகும் என்றதால் தாத்தா என்னைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார், 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு வந்த பிறகும் அரண்மனை மட்டும் கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது என்று அவர் வழியெல்லாம் மனத்தாங்கலோடு சொன்னார், எனக்கு அது காதில் ஏறவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்ததும் எங்கள் மங்களாவே விரிந்து விரிந்து போய்க்கொண்டிருந்தது, அதே கறுப்பு, அதே குளிர்ச்சி. மூலிகை மரங்களால் செய்தது என்று சொல்கிற ராஜாவின் கட்டிலுக்கு முன்னால் தாத்தா வெகுநேரம் நின்றார். அன்று ஊர் திரும்பும்போது பஸ்ஸில் என் மடியில் இருந்த எண்ணெய்க் குப்பி சூடு ஆறாமல் இருந்தது, தரையைப் பூசவும் முட்டை, எலும்பைக் கட்டவும் முட்டை என்று நான் தாத்தாவிடம் சொன்னேன், அவர் தலையைத் தடவிக்கொடுத்தார்.

ஆச்சி அதற்குப் பிறகு நடக்கவே இல்லை. நோவு தாழ்ந்ததும் சந்தனப் பலகை என்று நாங்கள் சொல்கிற, சந்தனத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத, வழவழப்பான ஒரு பலாப்பலகையில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, தரையோடு தரையாக நகர ஆரம்பித்தாள், எண்ணெய் தேய்த்து அவளே வளர்த்த அந்தத் தரை அவளைத் தடுக்கவில்லை, மங்களாவிலிருந்து அடுக்களைக்கு, அடுக்களையிலிருந்து படிப்புரைக்கு வருவாள், வாசல்படி வந்தால் நிற்பாள், "ஏ மக்களே, இங்கின ஒரு கை பிடி" என்பாள், யார் பக்கத்தில் இருந்தாலும் பிடிப்போம். காலையில் பெரியம்மையும் ஒரு சித்தியும் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகையும் குதிகாலையும் பார்ப்பார்கள், சிவந்திருந்தால் எண்ணெய் தொட்டு வைப்பார்கள், இளசான வாழையிலையைப் பாயின் மேல் விரித்துப் படுக்க வைப்பார்கள், ராத்திரி முறைபோட்டுத் திருப்புவார்கள். இரண்டு மழைக்காலம் இருந்தாள், புண் என்று ஒன்று அவள் உடம்பில் வரவே இல்லை, அந்த இரண்டு பெண்கள் அந்த நாட்களில் முழுசாக ஒரு ராத்திரி தூங்கியிருக்க வழியில்லை என்பதை, யாரும் இதுவரை சொல்லிக் கேட்டதில்லை என்பதால், இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்பா கால் ஒடிந்து பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது எழுபதுகளின் கடைசியில், சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தார், தொடை நடுவில் ஒடிந்திருந்தது. எலும்பு வார்டு என்று சொல்வார்கள், நீண்ட கூடம், பினாயில் வாசனையும், சுண்ணாம்புக்கட்டின் ஈர வாசனையும், மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களின் ரச வாசனையும் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருக்கும், இருபுறமும் கட்டில்களில் கால்கள் உயரத் தூக்கிக் கட்டப்பட்டிருக்கும், கப்பியில் கயிறு ஓடி நுனியில் எடை தொங்கும், ஒடிந்த எலும்பின் இரண்டு முனையும் தசையின் இழுப்பில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடாமல் அந்த எடைதான் வாரக்கணக்காக இழுத்துப் பிடித்து நிறுத்தும். எழுந்து போக முடியாத அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள், காலை பேப்பர் முதல் கட்டிலில் ஏறிக் கடைசிக் கட்டிலில் இறங்கும், அப்பா ஆறு மணிக்கு வாட்சுக்குச் சாவி கொடுக்கும்போது எதிர்க்கட்டில் கோவில்பட்டிக்காரர் தன்னுடையதற்கும் கொடுப்பார், ஒருவர் வீட்டுப் பிட்டு இன்னொருவர் தட்டுக்குப் போகும். வீட்டுக்கு வந்த பிறகு அப்பா பாதி நாள் வெறிச்சென்று உட்கார்ந்திருந்தார், அந்தக் கூடத்து ஆட்களுக்குக் கடிதம் எழுதினார்.

என்னை விடியற்காலையில் ஆம்புலன்ஸில் கொண்டு போனார்கள். படம் எடுத்துப் பார்த்த இளம் மருத்துவர் பேனாவால் காட்டினார், தொடை எலும்பின் கழுத்து, உருண்டைத் தலைக்கு ரத்தம் பெரும்பாலும் அந்தக் கழுத்தின் வழியாகத்தான் ஏறிப் போகிறது, கழுத்து ஒடிந்து விலகிவிட்டால் தலை பட்டுப்போகும், அதனால் என் வயதில் அதைச் சேர்க்கப் பார்ப்பதில்லை, எடுத்துவிட்டு உலோகத்தில் வைத்துவிடுவார்கள். ஆசான் விரல்நுனியில் தெரிந்துகொண்டதும் இதுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்டின் மூர் என்ற அமெரிக்க மருத்துவர் தொடை எலும்பின் மேல்பாகத்தை உலோகத்தில் செய்து முதன்முதலில் பொருத்தியது 1940-இல், ஆச்சி விழுவதற்கு இருபத்திரண்டு வருஷம் முன்னால், பறக்கைக்கு அது வந்து சேரவில்லை. எனக்கு வந்து சேர்ந்தது, அறுவை முடிந்த மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தார்கள், நின்றதும் அழுதுவிட்டேன், வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டாள், பலகையில் உட்கார்ந்து வாசல்படியில் கைக்காகக் காத்திருந்த ஆச்சியை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது.

வைத்தியத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஆரம்பித்ததுதான் வேறு. எப்படி விழுந்தீங்க, ஏன் லைட் போடல, அந்த விரிப்ப ஏன் அங்க போட்டீங்க, ஒரு சத்தம் கொடுத்திருக்கலாமே, ராத்திரி தண்ணி ஜாஸ்தி குடிச்சீங்களா, போனில் கேட்டார்கள், நேரில் வந்து செருப்பைக் கழற்றுகிறபோதே கேட்டார்கள், ஆப்பிள் பையை என் மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்கள், நான் ஒவ்வொரு தடவையும் அந்த ராத்திரியில் திரும்ப விழுந்து எழுந்து பதில் சொன்னேன். அன்பில்லாமல் கேட்கவில்லை, தங்களுக்கு இது நேராமலிருக்க என்ன செய்யலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் பாதிப்பேர் கேட்டார்கள், ஆனால் விழுந்தவளுக்கு அது விசாரணை. மருமகள் நல்ல பெண், விரிப்புகளை எல்லாம் சுருட்டிப் பரணில் போட்டாள், குளியலறையில் சுவரில் கைப்பிடி அடித்தாள், கழிப்பறை இருக்கையை உயர்த்தினாள், "அத்தை, கீழ குனியாதீங்க, கால் மேல கால் போடாதீங்க" என்று தினமும் நினைவூட்டினாள், எல்லாம் டாக்டர் சொன்னதுதான், எல்லாம் சரிதான், தரையில் உட்காரவே கூடாது என்றதுதான் எனக்குத் தொண்டையில் நின்றது. பகலில் பார்த்துக்கொள்ள வந்த பெண் வேளாவேளைக்கு மாத்திரை தந்தாள், மற்ற நேரம் போனில் இருந்தாள், அவளுடைய பிள்ளை திருவண்ணாமலைப் பக்கம் பாட்டியிடம் வளர்கிறது என்று வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள், அதன்பிறகு அவள் போனைப் பார்ப்பது எனக்கு உறுத்தவில்லை.

பயிற்சி சொல்லித்தர வந்த பெண் மாடிப்படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது ஆபரேஷன் காலை முதலில் இறக்க வேண்டும் என்று கற்றுத்தந்தாள், ராத்திரி எழுந்தால் கட்டில் விளிம்பில் ஒரு நிமிஷம் கால்களைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும், படுத்தவர் சட்டென்று நிமிரும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் கூடுதல் என்றாள். தாத்தா தினமும் எழுந்ததும் கட்டிலில் அப்படி உட்கார்ந்து உள்ளங்கைகளைத் தேய்த்து முகத்தில் வைத்துக்கொண்டு, சாமி பெயரைச் சொல்லிவிட்டு, குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கால் ஊன்றுவார். கால் தேறியது, பயம்தான் தேறவில்லை, விழுவதற்கு முன் தரையை நான் பார்த்ததே இல்லை, விழுந்த பிறகு தரையைத் தவிர எதையும் பார்ப்பதில்லை, வெயில் பட்டு மினுங்குகிற இடமெல்லாம் தண்ணீராகத் தெரியும், கூடத்தைக் கடக்கவே மனசு வராது.

எலும்பின் அடர்த்தி பார்க்க மகன் என்னைக் கிண்டிக்குக் கூட்டிப்போனான், 2024-இல் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் திறந்த தேசிய முதியோர் நல மையம், இருநூறு படுக்கை, வயதானவர்களுக்கென்றே கட்டியது, சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978-இல் முதியோருக்கான தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியதிலிருந்து இதுவரைக்கும் வர இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. காத்திருக்கிற நாற்காலிகளில் வாக்கர்களும் ஊன்றுகோல்களும் சாய்ந்திருந்தன, பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், கையில் கட்டு, என் வாக்கரை ஒரு தடவை பார்த்தார், நான் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டேன், அவர் "எந்த ஊரு உங்களுக்கு?" என்றார். பறக்கை என்றேன். அவர் களக்காடு, இந்த வருஷம் அங்கே வாழை காற்றில் சாய்ந்துவிட்டது, உங்கள் பக்கம் கன்னிப்பூ நெல் எப்படி என்று கேட்டார், எனக்கு அங்கே இப்போது வயல் இல்லை, ஆனாலும் இருப்பவளாகவே பேசிக்கொண்டிருந்தேன், எங்கள் எண்ணை இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்கள், மகன் வந்து தோளைத் தொட்டான். உள்ளே போகும்போது அந்தப் பளபளத்த நடையை நான் பார்க்காமலே கடந்திருந்தேன், மறுபக்கம் போன பிறகுதான் தெரிந்தது.

போன வாரம் எங்கள் குடியிருப்பில் அடுத்த பிளாக்கில் ஒரு அம்மாள் சமையலறையில் விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டார், கும்பகோணத்துக்காரர், அதிகம் பழக்கமில்லை. தோலுளுந்து போட்டு, பூண்டும் வெந்தயமும் தேங்காயும் சேர்த்து உளுந்தஞ்சோறு பொங்கி, எள்ளுத் துவையல் அரைத்து, அந்தத் திருவண்ணாமலைப் பெண்ணைத் தூக்குவாளியோடு கூட வரச்சொல்லி லிஃப்டில் போனேன். கதவைத் திறந்த மகளிடம் வாளியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன், அந்த அம்மாள் கட்டுப்போட்ட கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, நான் வாயைத் திறப்பதற்குள், "ராத்திரி இல்லைங்க, பகல்லதான், லைட்டெல்லாம் போட்டுத்தான் இருந்தது" என்று சொல்ல ஆரம்பித்தார்.

"காவேரியில இந்த வருஷம் தண்ணி எப்ப தொறந்தாங்க?" என்று கேட்டேன்.